பத்துச் சாமான் போட்ட சத்துமாவு

ஜாதவ்பூரில் வசிக்கிறோம். மகளுக்கு ஏழாவது மாதம் பிறந்ததும் கேழ்வரகு, பாசிப்பயறு, பாதாம், வேர்க்கடலை என்று பத்துச் சாமான்களை வறுத்து அரைத்து, சத்துமாவுக் கஞ்சி காய்ச்சினேன். நாலு ஸ்பூன் ஆசையாகச் சாப்பிட்டாள். சற்று நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கிவிட்டது. கணவர் ஆபீஸில் இருந்தார். என் அலறல் கேட்டு எதிர்வீட்டு வங்காளிப் பெண்மணி ஓடிவந்தார். அவரை, அண்ணி என்பதற்கான வங்காளிச் சொல்லால், பௌதி என்றுதான் கூப்பிடுவேன். டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஊசி போட்டதும் வீக்கம் வடிந்தது.

“எது ஒத்துக்கலை?” என்றார் டாக்டர்.

பத்தில் எதையென்று சொல்வேன்? அழுதுவிட்டேன்.

“நல்லதுன்னு நினைச்சுத்தானே கொடுத்தே!” என்று பௌதி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வேர்க்கடலைதான் என்று பிறகு பரிசோதனையில் தெரிந்தது. இப்போதெல்லாம் புதிதாக ஒரே ஒரு பொருளைக் கொடுத்து, மூன்று நாள் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுகிறேன்.