மார்புக் கவசத்துக்காக ஒரு பொய்

ஒரு படத்தில் வரும் விண்வெளிச் சிப்பாயின் கவசத்தை, நானே போட்டுப் பார்க்க, ஃபோம் ஷீட்டில் அச்சு அசலாகச் செய்துகொண்டிருக்கிறேன். மார்புப் பகுதி மட்டும் பாக்கி. இன்று கரையான்சாவடி ஃபோம் கடைக்குப் போனேன்.

"கெட்டி ஷீட்டு ஒண்ணுதான் கீது. ஒரு டீச்சரம்மாவுக்கு எடுத்து வெச்சிருக்கேன். உனக்கு இன்னாத்துக்குப்பா?" என்றார் கடைக்காரர்.

நாற்பது வயதில் உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"சர்ச்சுல கிறிஸ்துமஸ் நாடகம்ணா."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நீயே எடுத்துகினு போ நைனா. அவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன். எந்த சர்ச்சு? ஊட்டோட வந்து பாக்குறோம்!"

வாய்க்கு வந்த பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன். ஷீட்டை வெட்டக் கை வரவில்லை. நாளை திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இல்லையென்றால், விண்வெளிச் சிப்பாய்க்கு வேஷம் தரும் கிறிஸ்துமஸ் நாடகம் எங்காவது இருந்தால் சொல்லுங்கள்.