சுவரில் இல்லாத மூன்றாவது பிள்ளை

எங்கள் வீட்டு வெளிச்சுவரில் ஒரு குடும்பம் இருந்தது. அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண். தலைக்கு மேலே குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம். மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் நான்கு பேரும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். விக்கிரவாண்டி கடைத்தெருவுக்குப் போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி அந்தப் படத்தை வரையச் சொன்னவர் என் அப்பாதான். வீட்டுக்குள்ளே இருந்ததோ மூன்று பெண்கள். இரண்டு அக்காக்கள், அவர்களுக்குப் பிறகு நான். சுவரில் இருந்த பையனைத் துரத்திவிட்டுப் பெரிய அக்காவை அங்கே நிறுத்திப் பார்ப்பேன். பெண் இருந்த இடம் சின்ன அக்காவுக்குப் போய்விடும். எனக்கு எந்தப் பக்கமும் இடம் கிடைக்காது.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எண்பதுகளில் வாத்தியார்களுக்குப் பாடம் நடத்துவதோடு இன்னொரு வேலையும் இருந்தது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதற்குக் கேஸ் பிடிப்பது என்று பெயர். மற்ற வாத்தியார்கள் கேஸ் கிடைக்காமல் களத்துமேட்டிலும் கிணற்றடியிலும் அசடு வழிந்துகொண்டு நிற்பார்கள். அப்பாவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. மைக்கைக் கொடுத்தால் போதும், பேசியே ஆளைக் கரைத்துவிடுவார். அவருடைய பேச்சில் எப்போதும் ஒரு பஸ் வரும். “இந்த நாடு ஒரு பஸ். சீட்டெல்லாம் நிறைஞ்சாச்சு. படியில தொங்கறாங்க. இன்னும் ஏத்திக்கினே போனா பஸ் எங்க போய் நிக்கும்?” என்று கேட்டுவிட்டுச் சற்று நிறுத்துவார். கூட்டம் அந்த பஸ் கவிழ்வதைப் பார்த்துவிட்டதுபோலப் பெருமூச்சு விடும். நானும் விடுவேன்.

திண்டிவனத்தில் பெரிய ஆபரேஷன் முகாம் நடக்க இருந்த சமயம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. கல்யாணமாகித் திண்டிவனத்தில் இருந்தாள், பிள்ளை கிடையாது. என்னைக் கண்டால் உயிர். அன்றைக்கும் வந்ததும் வராததுமாக என்னை இழுத்து முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். நான் கூடத்தில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். அடுப்படியில் பேசியது அப்படியே காதில் விழுந்தது.

“அண்ணி, சின்னத எங்கிட்டக் குடுத்துடுங்க. நான் வளத்துக்கறேன். நீங்க ஒரு பையனப் பெத்துக்கினு நிம்மதியா இருங்க” என்றாள் அத்தை.

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் நின்றது.

“இன்னொண்ணு ஒடம்பு தாங்காதுன்னு விழுப்புரத்துல டாக்டரம்மா சொன்னாங்களே. இவ பொறந்தப்பவே நான் பொழச்சது பெரிசுன்னாங்க.”

“டாக்டருங்க எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவாங்க. நாளைக்கு எனக்குக் கொள்ளி வைக்க ஒருத்தன் வேணாமா?” என்றது அப்பாவின் குரல்.

மேடையில் நாட்டைப் பற்றிக் கவலைப்படுகிறவர் வீட்டில் கொள்ளியைப் பற்றிக் கவலைப்பட்டார். இன்றைக்கு இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு என் காதில் அதெல்லாம் ஏறவில்லை. அடுத்து அவர் சொன்னதுதான் ஏறியது. “முகாம் முடியட்டும். பாப்பாவக் கொண்டாந்து விட்டுடறேன்.”

அம்மா மறுத்து ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். மறுபடியும் முறத்தின் சத்தம்தான் கேட்டது.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் நான் அதிகப்படி என்பது எனக்குத் தீர்மானமாகிவிட்டது. அதிகப்படி இல்லை என்று காட்டுவதற்காகக் கேட்காமலே தண்ணீர் எடுத்து வந்து வைத்தேன். அக்காக்களிடம் சண்டை போடுவதை விட்டேன். தூங்கும்போது சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு குறைவான இடத்தில் படுத்தேன். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

முகாம் அன்று காலையில் ஜீப் வந்து அப்பாவை ஏற்றிக்கொண்டு போனது. அக்காக்கள் பள்ளிக்கூடம் கிளம்பினார்கள். அம்மா என்னை மட்டும் நிறுத்தி, தலை சீவி, பொங்கலுக்கு எடுத்த பாவாடையைக் கட்டிவிட்டாள். அவளும் நல்ல புடவை கட்டிக்கொண்டாள். காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பதைப் பார்த்தேன்.

“எங்கம்மா போறோம்?”

“திண்டிவனம்.”

“அக்காங்க வரலையா?”

“அவங்க எதுக்கு? நீ வா.”

இதற்கு மேல் எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? அழுதால் இன்னும் சீக்கிரம் அத்தை வீட்டில் விட்டுவிடுவார்கள் என்று பயந்து அழுகையை விழுங்கிக்கொண்டே நடந்தேன்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. அப்பாவின் பேச்சில் வருகிற பஸ் இதுதான் என்று நினைத்தேன். ஏற ஏற ஆட்கள் என் மேல் சாய்ந்தார்கள். இங்கேயே நான் இறங்கிவிட்டால் அம்மாவாவது மூச்சு விடுவாள் என்றுகூடத் தோன்றியது. அப்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், மடியில் ஒரு குழந்தை ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்க, என் கையைப் பிடித்து இழுத்தாள். களையெடுக்கிறவள் போலிருந்தது, விரலிடுக்கில் சேறு காய்ந்திருந்தது.

“குந்து கண்ணு. இந்தத் தொடையில குந்து.”

“வேணாங்க, ஒங்களுக்கு எடம் பத்தாது” என்றாள் அம்மா.

“எடம் இன்னா எடம். நவுந்து குந்துனா ஆச்சு.”

அவள் தொடையில் உட்கார்ந்துகொண்டு கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை யோசித்தேன். அப்பா சொல்வது சரியா, இவள் சொல்வது சரியா? இவள் சொல்வதுதான் சரியாக இருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன்.

திண்டிவனத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு தெருமுனை வரும். இடது பக்கம் திரும்பினால் அத்தை வீடு. அம்மா அந்த முனையில் நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவள் புடவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிறகு அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வலது பக்கம் திரும்பி வேகமாக நடந்தாள். நான் ஓடவேண்டியிருந்தது.

முகாம் ஒரு பெரிய மைதானத்தில் நடந்தது. ஒரு பக்கம் மேடை. எதிர்ப்பக்கம் துணிப்பந்தல், அதற்குள் மேஜை, மேஜைக்கு முன்னால் பெண்கள் வரிசை. வரிசையின் முடிவில் பிளாஸ்டிக் வாளிகள் அடுக்கி வைத்திருந்தார்கள். உள்ளே போகிற ஒவ்வொருத்திக்கும் ஒரு வாளி. அம்மா போய் அந்த வரிசையில் நின்றாள். என்னைக் கொடுத்துவிட்டு வாளி வாங்கப் போகிறாள் என்று எனக்குப் பட்டது. மேஜையில் இருந்த நர்ஸம்மா வேறு என்னையே பார்த்தாள்.

“இதான் கடைசிக் குழந்தையா? எத்தினி வயசு? நல்லா இருக்குதா, நோய் நொடி ஒண்ணும் இல்லையே?”

“நல்லா இருக்குதுங்க” என்றாள் அம்மா. நர்ஸம்மா என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

“வூட்டுக்காரர் கையெழுத்து வேணும்மா. வந்துக்கிறாரா?”

“வந்துக்கிறாரு” என்று சொல்லிவிட்டு அம்மா மேடைப் பக்கம் திரும்பினாள். அங்கே அப்பா பேசிக்கொண்டிருந்தார். பின்னால் நாற்காலியில் முகாமை நடத்துகிற அதிகாரி உட்கார்ந்திருந்தார். பஸ் நிறைந்துவிட்டது, படியில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாகப் பெருமூச்சு வர வேண்டிய இடத்தில், கூட்டத்திலிருந்து தலைப்பாகை கட்டிய ஒருத்தர் எழுந்துவிட்டார்.

“சார், ஜனம் ஜாஸ்தின்றீங்க. எங்கூருல மல்லாட்டை புடுங்க ஆளு கெடைக்கலயே சார்.”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். இதெல்லாம் அவருக்குத் தூசு. “ஆளுக்குப் பஞ்சம் இல்லய்யா. கூலிய ஏத்திக் குடுத்துப் பாரு, நானே வந்து புடுங்கறேன்” என்றார். கைதட்டல் எழுந்தது. தலைப்பாகைக்காரர் உட்காரவில்லை.

“அது கெடக்கட்டும். ஒங்களுக்கு எத்தினி சார்?”

அப்பா தொண்டையைச் செருமினார். அதிகாரி நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அப்பா மைக்கில் பேச்சு வராமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“மூணு” என்றார். “தப்புத்தான். ஒத்துக்கறேன். ஆனா அதோட நிறுத்திக்கினேன்.”

அம்மா நர்ஸம்மாவிடம் குனிந்து மேடையைக் காட்டினாள். “அதோ பேசறாரு பாருங்க, அவருதான் எங்க வூட்டுக்காரரு.”

ஒரு ஆள் ஓடிப்போய் மேடையில் சொன்னான். அதிகாரி எழுந்து மைக்கை வாங்கினார். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டுப் போகிறவர்கள் நடுவில், சொந்த மனைவியையே முகாமுக்கு அழைத்து வந்திருக்கும் ஆசிரியர் இவர் என்று அறிவித்து, எல்லாரையும் கைதட்டச் சொன்னார். மைதானமே தட்டியது. தலைப்பாகைக்காரர்கூடத் தட்டினார். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. மேடையிலிருந்து இறங்கி எங்களிடம் வந்தார். அதிகாரியும் கூடவே வந்தார்.

அப்பா உதடு அசையாமல் பேசினார். “இன்னா வேல பண்ற நீ? வா, வூட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்.”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “நிறுத்திக்கினேன்னு நீங்கதானங்க சொன்னீங்க.”

என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை தளரவில்லை. அதிகாரி தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி அப்பாவிடம் நீட்டினார். அப்பா பேனாவை வாங்கிக்கொண்டு சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அம்மா என் கையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

நானும் அப்பாவும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வருகிறவர் போகிறவர் எல்லாம் அவருக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அடுத்து அத்தை வீடுதான் என்று எனக்குத் தெரியும். எத்தனை நேரம்தான் பயத்தை வைத்துக்கொண்டிருப்பது? கேட்டுவிட்டேன்.

“அப்பா, நான் அத்தை வூட்டுக்குப் போவணுமா?”

அவர் என்னை அப்போதுதான் பார்ப்பவர் மாதிரி பார்த்தார்.

“வேணாம். இனிமே எதுக்கு?”

எனக்கு உயிர் வந்தது. பெஞ்சிலிருந்து குதித்தேன். அம்மாவைப் பார்க்க விட்டதும் ஓடினேன். தரையில் விரித்த பாயில் அவள் பந்தல் துணிப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கண்ணீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது.

“அம்மா, அப்பா என்ன வச்சுக்கறேன்னு சொல்லிட்டாரும்மா” என்றேன். அவள் என்னை இழுத்துக் கழுத்தோடு சேர்த்துக்கொண்டாள். அழுகை நிற்கவில்லை. தையல் வலிக்குதாம்மா என்று கேட்டேன். ஆமாம் என்றாள்.

அந்தப் பதிலை வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்குப் பையன் பிறந்தபோது அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அக்காக்களுக்கு எல்லாம் பெண்கள், இவன்தான் எங்கள் வீட்டின் முதல் ஆண்பிள்ளை. அவனை மடியில் வாங்கியவள் சாயந்தரம்வரை யாரிடமும் தரவில்லை. பால் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்டபோதுகூடக் கொஞ்சம் யோசித்துத்தான் கொடுத்தாள். அவளுக்கும் ஒரு பையன் மேல் ஆசை இருந்திருக்கிறது என்பது அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவளைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் மூன்று பேருக்காக உயிரோடு இருக்க வேண்டுமென்று, அப்பாவின் ஆசையோடு தன் ஆசையையும் அவள் அன்றைக்கு முடித்துக்கொண்டிருக்கிறாள். முகாமில் அவள் அழுதுகொண்டிருந்தபோது, அந்தப் பாயின் ஓரத்தில் நான் அவளுக்குக் கொடுத்த பச்சை வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டிக்கொண்டிருந்தேன்.