எட்டுப் படையலுக்கு வராத வைன்

என் கணவரையும் பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவரையும் சேர்த்து வைத்தது கராஜுக்குள் செய்யும் வைன்தான். இவருக்கு ஊர் யாழ்ப்பாணம், அவருக்கு அப்ருட்சோ. இரண்டு பேருடைய ஆங்கிலமும் நொண்டி. ஆனாலும் ஒவ்வொரு இலையுதிர்காலமும், நாங்கள் குடியேறிய மில்லிக்கனில் எங்கள் வேலியைத் தாண்டித் திராட்சை புளிக்கும் மணம் வந்துவிட்டால் இவரை வீட்டில் தேடிப் பயனில்லை.

கிழவர் மொன்ரெபுல்சியானோ என்ற கறுத்த திராட்சையைத் தவிர வேறொன்றையும் தொடமாட்டார். அவருடைய ஊரில் அந்த வைன் குடிவகையில் சேர்த்தியில்லையாம், சாப்பாட்டில் சேர்த்தியாம். ஆடு மேய்ப்பவர்கள் இறைச்சியைச் சின்னத் துண்டுகளாகக் கம்பியில் குத்தி, தணலில் சுட்டு, பாணோடும் இந்த வைனோடும் சாப்பிடுவார்களாம். இவர் அந்த இறைச்சிக்கு எங்கள் மிளகாய்த்தூளைப் பூசிக் கொடுத்தார். கிழவர் மூக்கும் கண்ணும் ஒழுகச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் நகமும் சதையும்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. சாப்பாடாம் சாப்பாடு, குடி குடிதானே என்று முணுமுணுத்தபடி இவருடைய சேட்டில் பட்ட கறையைத் தேய்ப்பேன். அது லேசில் போகாது.

போன வருஷம் திராட்சையைப் பிழிந்து, சாற்றைப் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் அடைத்து முடித்த கிழமை, வேலைக்கு வெளிக்கிட்ட என் மனுஷன் கார்க் கதவைத் திறந்தபடியே விழுந்தார். அம்புலன்ஸ் வந்தது. அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

எட்டுச்செலவு வந்தது. செத்தவருக்குப் பிடித்த மீன், இறைச்சி, குடிவகை என்று எல்லாவற்றையும் எட்டாம் நாளில் படைப்பது எங்கள் வழக்கம். ஒஷாவாவிலிருந்து இவருடைய அக்கா வந்து குசினியைத் தன் கையில் எடுத்தார்.

"அவன் ஆசைப்பட்டதில ஒண்டையும் விடாதை. குறை வைச்சா அந்தரிச்சுக்கொண்டு நிற்பான்," என்றார். "விஸ்கி வாங்கியாச்சு."

"அவர் விஸ்கி தொடமாட்டார் மச்சாள். நான் பக்கத்து வீட்டை போயிட்டு வாறன்."

வெறும் போத்தல் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் கிழவரின் கராஜ் கதவைத் தட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் குடுவைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தரமாட்டன்," என்றார். "இது இன்னும் வைன் இல்லை, சாறு. எங்கட ஊரில மார்ட்டின் புனிதரின்ர நாளிலதான் சாறு வைனாகும். நவம்பர் பதினொண்டு. அதுக்கு முன்னம் ஆருக்கும் திறக்கிறதில்லை."

"அதுக்குள்ள அவர் போயிடுவார்."

"அவர் போயிட்டார்தானே, சின்யோரா."

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் அவர் வீட்டைச் சுற்றித்தான் நிற்பார், அதற்குப் பிறகு எதைக் கொடுத்தாலும் போய்ச் சேராது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினேன். கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்து, அரைகுறையை அவருக்குக் கொடுக்கத் தனக்கு மனம் வராது என்றார். முந்தின வருஷத்து வைனை இரண்டு பேருமாகக் கோடையிலேயே குடித்து முடித்திருந்தார்கள். கடையில் வாங்கிய போத்தல் ஒன்றை எடுத்துத் தந்தார். அதே ஊர், அதே திராட்சை.

கடை வைனை இவர் ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்பார். அதைத்தான் படையலில் வைத்தேன். மச்சாளுக்குத் திருப்தி. எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. எங்கள் சாமிகள் எல்லாம் சம்மதித்த காரியத்தை, முகம் தெரியாத ஒரு சாமி குறுக்கே நின்று மறித்துவிட்டது. அந்தக் கிழவரின் முகத்தில் இனி முழிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் தொடக்கத்தில் சாம்பலை ஏரியில் கரைத்து, அந்தியேட்டியும் முடிந்தது. பிறகு ஏதாவது படைக்கலாமா என்று ஐயரிடம் மெல்லக் கேட்டேன். "இனி வருஷம் முடிய வாற ஆட்டத் திவசத்துக்குத்தான் அம்மா. அதுவும் சைவம், குடிவகை ஆகாது," என்றார்.

போரில் இறந்தவர்களை நினைத்து ஊரெல்லாம் சட்டையில் பொப்பிப் பூ குத்தித் திரியும் பதினோராம் திகதி, கிழவர் ஒரு போத்தலும் சுட்ட கஸ்தானியாக் கொட்டைகளுமாக வந்தார். கதவைத் திறக்காமல் விடத்தான் நினைத்தேன். சவரம் செய்து, கோட் போட்டு நின்ற மனிதரை அனுப்ப முடியவில்லை.

செய்தவனின் நாக்குச் சாட்சி சொல்லக் கூடாது, அதனால் ஒவ்வொரு வருஷமும் உங்கள் மனுஷன்தான் முதல் மிடறு குடிப்பார் என்றார். கிளாஸை என் முன்னால் வைத்தார். அதுவரை குடிவகை எதுவும் என் நாக்கில் பட்டதில்லை. குடித்தேன். பச்சை வாழைக்காயைக் கடித்ததுபோல வாயெல்லாம் கயர்த்தது, புளித்தது.

"நல்லாயிருக்கு," என்றேன்.

கிழவர் என் கையிலிருந்து கிளாஸை வாங்கிக் குடித்தார்.

"புளிப்பு. இது இளவேனிலுக்குத்தான் சரிவரும். அவர் எண்டால் உள்ளதைச் சொல்லியிருப்பார்."

"இண்டைக்கும் புளிப்புத்தானே," என்றேன். "அப்ப அண்டைக்கே தந்திருக்கலாம்."

கிழவர் கிளாஸை மேசையில் வைத்தார்.

"ஓம்," என்றார். "தந்திருக்கலாம்."

அவர் போன பிறகு அந்தப் போத்தலைக் கையில் பிடித்தபடி குசினியில் நின்றேன். குடிக்கவும் முடியவில்லை, சிங்கில் ஊற்றவும் மனமில்லை. என் மனுஷன் அரை வயிற்றோடுதான் போனார்.