அப்பாவுக்கு வந்த அட்டை

இந்தப் புது வருஷத்தன்று காலை ஆராதனைக்குப் போனால், ஆலயத் தூணில் புள்ளி புள்ளியாக ஒரு கறுப்புக் கட்டம் ஒட்டியிருந்தது. கியூஆர் கோடு. போனை அதற்கு நேரே காட்டினால் அந்த வருஷத்துக்கான வாக்குத்தத்தம் திரையில் வந்து விழுமாம். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் தூணைப் பார்த்துக் கையை நீட்டியபடி நின்றார்கள். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த நான், தூணில்தான் ஏதோ விரிசல் விட்டுவிட்டது போல என்று முதலில் பயந்துபோனேன்.

என் முறை வந்தது. காட்டினேன். ஒரு பூங்கொத்து சுற்றிச் சுற்றி வந்து நின்றது. அதன் மேல் வசனம். கழுகுக்குத் திரும்புகிற மாதிரி எனக்கும் இளமை திரும்புமாம். வயது அறுபத்தொன்று. படியேறினால் முட்டி டக்கு டக்கென்று பேசுகிறது. சரி, வேறு ஏதாவது வருகிறதா பார்ப்போம் என்று இன்னொரு தடவை அழுத்தினேன். ‘இந்த ஆண்டுக்கான வாக்குத்தத்தத்தை நீங்கள் பெற்றுவிட்டீர்கள்’ என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டது.

வாக்குத்தத்தம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வேதத்திலிருந்து ஒரு வசனம், அவ்வளவுதான். ஆனால் புது வருஷத்தன்று ஆளுக்கு ஒன்றாக எடுப்போம். வந்ததுதான் அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் நமக்குச் சொல்கிற வார்த்தை. எடுத்தது எடுத்ததுதான். பிடிக்கவில்லை, வேறு கொடுங்கள் என்று கேட்க அது துணிக்கடை இல்லை.

தூணில் ஒட்டிய பசை இன்னும் காயவில்லை. அந்த வாசனைதான் என்னை அட்டையும் மையுமாக இருந்த நாட்களுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் காலத்தில் மலாய் நாட்டில் எங்கள் ஜார்ஜ் டவுன் சபையில் தூணும் கிடையாது, போனும் கிடையாது. ஒரு பிரம்புத் தட்டு இருந்தது. அதில் பாச்சை உருண்டை வாசனையோடு ஒரு வெள்ளைத் துணி விரித்து, மணிலா அட்டையில் வெட்டிய துண்டுகளைக் கவிழ்த்துப் பரப்பி வைப்பார்கள். அத்தனை அட்டையையும் கையால் எழுதியவள் யார் தெரியுமா, உங்கள் முன்னால் பேசிக்கொண்டிருக்கிற நான்தான். ஓய்வுநாள் பள்ளியில் எனக்குப் பாட்டும் வராது, மனப்பாடமும் வராது. எழுத்து மட்டும் முத்து முத்தாக வரும். அதனால் ஒவ்வொரு டிசம்பரும் பாஸ்டரம்மா நூறு வசனப் பட்டியலையும் அட்டைத் தாள்களையும் என் கையில் கொடுத்துவிட்டு, பேனாவில் மை ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவார்.

இப்போது அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். ஆறடி. புண்ணுக்குக் கட்டுப் போடுகிற கை, அதனால் எதைச் செய்தாலும் அளந்து செய்வார். ஆனால் முடிவெடுப்பது என்று வந்துவிட்டால் மனிதருக்குக் கை வராது. வீடு மாறலாமா, மோட்டார் சைக்கிள் வாங்கலாமா, எல்லாவற்றுக்கும் அட்டைதான். ஒரு வருஷம் வறண்ட நிலத்தில் தண்ணீர் வருவதைப் பற்றிய வசனம் வந்ததென்று, பேசாமல் கிடந்த எங்கள் பின்கட்டுக் குழாயைப் பிளம்பரைக் கூப்பிட்டு மாற்றினார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்குப் பத்தொன்பது வயது. பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை கிடைத்துவிட்டது. பூதக்கண்ணாடிக்குள் பார்த்து முடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டுகிற வேலை. ஜனவரி நடுவில் வந்து சேரச் சொல்லிக் கடிதம். அப்பா கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு முடியாது என்றார். வேலையில் ஒன்றும் குறையில்லையாம். பஸ்தான் பிரச்சினை. தொழிற்சாலை பஸ்ஸைக் கிலாங் பஸ் என்போம். பெண்பிள்ளை தனியாக அதில் போய் வருவதா என்று அவருக்கு. நான் அழுது பார்த்தேன். ஒரு வாரம் இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று முறுக்கிக்கொண்டு படுத்தேன் (அடுக்களையில் அம்மா எடுத்து வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுத்தான்). கடைசியில் அப்பா எப்போதும் சொல்வதைச் சொன்னார்.

“புது வருஷ அட்டை வரட்டும். எனக்கு என்ன வருதோ அதுதான் முடிவு.”

அட்டை எழுதுகிறவள் நான் என்பது அந்த மனிதருக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். வீட்டை விட்டுப் புறப்படச் சொல்கிற வசனம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை இருபத்தைந்தாக்கினேன். இடம் வேண்டுமே, அதனால் ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததில் பொறுத்திரு, அமர்ந்திரு, காத்திரு வகையறா அட்டைகளைப் பொறுக்கி எடுத்து அடுப்பில் போட்டேன். நூற்றுக்கு இருபத்தைந்து. எழுத எழுதவே மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன், இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் முடிந்துவிடட்டும் என்று.

புது வருஷக் காலை. எங்கள் சபையில் குடும்பம் குடும்பமாகத் தட்டின் முன்னால் போவோம். நான் முதலில், அடுத்து அம்மா, கடைசியில் அப்பா. நான் ஒன்றை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். அம்மா தட்டருகே கொஞ்சம் கூடுதலாகவே நின்றார். முந்தானை பிரம்பில் மாட்டிக்கொண்டது போல என்று நினைத்தேன். பிறகு அப்பா கையை நீட்டி எடுத்தார்.

இருக்கைக்கு வந்து பார்த்தால், எனக்கு நரைக்கிற வயது வரைக்கும் சுமந்து காப்பதாக ஒரு வசனம். பத்தொன்பதில் நரை, அறுபத்தொன்றில் இளமை. மேலே யாரோ தேதியை மாற்றிப் போட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அது கிடக்கட்டும். அப்பாவின் அட்டையை எட்டிப் பார்த்தேன். என் முத்தான எழுத்தில், ‘காத்திரு’ என்று தொடங்குகிற வசனம். பொறுக்கி எடுத்ததில் ஒன்று மட்டும் என் கண்ணுக்குத் தப்பிவிட்டது. நூறு அட்டையில் இருந்த அந்த ஒரே ஒன்றைப் போய் எடுத்திருக்கிறார்.  அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். தொழிற்சாலை வேலை கைவிட்டுப் போயிற்று என்று தெரிந்துவிட்டது.

ஆராதனை முடிந்து வெளியில் கேசரியும் தேத்தண்ணியும். எல்லாரும் அட்டையைக் காட்டிக்கொள்கிற நேரம் அது. அங்கேதான் அடுத்த கூத்து. யாரைப் பார்த்தாலும் புறப்படு. கோயில்பிள்ளை, அதாவது மணியடித்து ஆலயத்தைத் திறந்து பூட்டுகிறவர், சித்தியவானில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போகப் போவதாக அங்கேயே சொல்லிவிட்டார். பாஸ்டருக்கும் அதே அட்டை. அது ஊர் மாற்றம் வருகிற வருஷம் வேறு, மனிதர் முகம் வெளுத்துவிட்டது. ஒரு பெரியவர், ஆண்டவர் சபையையே மொத்தமாக எங்கேயோ கிளப்புகிறார் போல என்று கேசரியை மென்றபடி சொன்னார். பாஸ்டர் அடுத்த மூன்று ஞாயிறும் புறப்படுவதைப் பற்றியே பிரசங்கம் செய்தார். மூன்று ஞாயிறும் நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோயில்பிள்ளை மட்டும் சொன்னபடி போய், அண்ணி சமையல் ஒத்துக்கொள்ளாமல் இரண்டே வாரத்தில் திரும்பி வந்து மணியடித்தார். ஆண்டவர் போகச் சொன்னாரே தவிர திரும்பக் கூடாது என்று சொல்லவில்லையே என்பது அவர் வாதம்.

அதற்கு முன்னால் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு மத்தியானம் கோழிக் குழம்பு. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தேன். அம்மா அப்பாவின் தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டே, நாளைக்குக் கீரை வாங்க வேண்டும் என்பது போலச் சொன்னார்.

“எனக்குப் புறப்படுன்னு வந்திருக்குங்க.”

அப்பா நிமிர்ந்து பார்த்தார். காய்கறி வாங்கப் பாசாருக்குப் போவதைத் தவிர எங்கேயும் தனியாகப் போகாதவர் என் அம்மா. நாற்பது வயது. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். இவளுக்கு வேலை கிடைத்த இடத்து கேன்டீனில் சமையலுக்கு ஆள் தேடுகிறார்களாம், பக்கத்து வீட்டக்கா சொல்லி இரண்டு வாரமாகிறதாம், அதே பஸ்தானாம், மகளோடு போய் மகளோடு திரும்பி வரலாமாம். இரண்டு வாரமாக மனசில் வைத்துக்கொண்டு மூச்சு விடவில்லை பாருங்கள். அப்பா கையைத் தட்டிலேயே வைத்தபடி, நீயா வேலைக்குப் போகப் போகிறாய் என்று கேட்டார்.

“நானா போறேன்? அவருல்ல போகச் சொல்றாரு.”

அப்பாவின் சட்டம் அப்பாவையே மடக்கிவிட்டது. இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். அம்மாவுக்குப் புறப்படச் சொல்லி வந்திருக்கிறது, எனக்குக் காத்திருக்கச் சொல்லி வந்திருக்கிறது, சரி, இரண்டு பேரும் போங்கள், நான் காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம்.

மனிதர் சொன்னதைச் செய்தார். முதல் நாள் சாயங்காலம் பஸ் டத்தோ கெராமாட் சாலையில் எங்கள் நிறுத்தத்துக்கு வந்தபோது, ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் கயிறு கட்டின பிளாஸ்டிக் பையில் இரண்டு தேத்தண்ணியுமாக அப்பா நின்றுகொண்டிருந்தார். மறுநாளும் நின்றார். அதற்கு மறுநாளும். பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் ஜன்னலைத் தட்டி, “ஆன்ட்டி, உங்க போலீஸ்காரரு நிக்கிறாரு லா” என்று கத்துவார்கள். ஷிப்ட் மாறி வரும் நாட்களில் யாரையாவது கெஞ்சி டியூட்டி மாற்றிக்கொண்டு வந்து நிற்பார். ஏனப்பா இந்த வெயிலில் என்று நான் கேட்டால், சட்டைப் பையைத் தட்டிக் காட்டுவார்.

அம்மா ஆளே மாறிவிட்டார். அவர் கறிவேப்பிலை போட்டுப் பிரட்டுகிற மீ கோரெங் நூடுல்ஸுக்கு மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் வரிசை கட்டினார்கள். கைப்பை வாங்கினார். மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் கல்யாணமாகிப் போன பிறகும் அவர் அந்த பஸ்ஸில் போய் வந்தார், மொத்தம் பதினான்கு வருஷம். அப்பாவும் ஓய்வு பெற்ற பிறகுகூட விடாமல் நின்றார், ஒரு தேத்தண்ணிப் பொட்டலத்தோடு. வருஷா வருஷம் அம்மா சபையில் எழுந்து, ஆண்டவர் தன்னைப் புறப்படச் சொன்ன சாட்சியைச் சொல்வார். ஆமென் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த ஆமென் ஒவ்வொன்றும் என் முதுகில் விழும். ஆண்டவராவது ஒன்றாவது, அது நான் எழுதின கள்ள அட்டை என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அவர் சம்பாதித்த பெருமை முழுக்க அந்தத் துண்டு அட்டைமேல் நின்றுகொண்டிருந்தது. நாற்பத்திரண்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை. அப்பா போய் ஒன்பது வருஷமாகிறது, அவரிடமும் சொல்லாமல்தான் அனுப்பினேன்.

இந்தப் புது வருஷத்தன்று, ஆராதனை முடிந்து ஆயர் ஈத்தாமில் அம்மா இருக்கிற பிளாட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு எண்பத்திரண்டு. இப்போதெல்லாம் ஆலயப் படி ஏற முடிவதில்லை. தூணில் இருந்ததைப் படம் எடுத்து வந்திருந்தேன். அம்மாவின் போனை அதற்கு நேரே பிடித்து, வந்ததைப் படித்துக் காட்டினேன். காத்திருக்கச் சொல்கிற வசனம். அன்றைக்கு அப்பாவின் அட்டையில் இருந்த அதே வசனம்.

 அம்மா போனைத் தள்ளி வைத்தார்.

“இத்தனை வருஷம் கழிச்சு என்னைத் தேடிக்கிட்டு வந்துருச்சு பாரு. இது வேணாம். வேற எடு.”

ஒருத்தருக்கு ஒன்றுதான் அம்மா, மாற்ற முடியாது என்றேன்.

“ஏன், அன்னிக்கு நான் மாத்தலையா?”

எதை மாற்றினாய் என்று கேட்டேன். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். அன்றைக்குத் தட்டில் அவர் கைக்கு முதலில் வந்தது காத்திருதான். அங்கேயே புரட்டிப் பார்த்துவிட்டாராம். பிறந்ததிலிருந்து அடுப்படியில் காத்துக்கொண்டுதானே இருக்கிறேன், இன்னும் என்னத்தைக் காப்பது என்று வந்த கோபத்தில், அதைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் பக்கத்தில் கிடந்ததை எடுத்துக்கொண்டாராம். பின்னாலேயே வந்த அப்பா, மேலாகக் கிடந்ததை எடுத்தாராம்.

இதற்குமேல் நான் மட்டும் யோக்கியமானவள் மாதிரி உட்கார்ந்திருக்க முடியுமா? இருபத்தைந்து அட்டையையும் சொன்னேன். அடுப்பில் போட்டதையும் சொன்னேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “திருட்டுக் கழுதை” என்றார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். பல்செட் நழுவுகிற அளவுக்குச் சிரித்து, அதைச் சரி செய்துகொண்டு மறுபடி சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தி, முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

“பாவம்டி அந்த மனுசன். அது எனக்கு வந்த அட்டை. எனக்குப் பதிலா அவரு நின்னாரு.”

 அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வரும்போது வேண்டுமென்றே டத்தோ கெராமாட் வழியாகக் காடியை ஓட்டிக்கொண்டு வந்தேன். பிரம்புத் தட்டு எங்கே போனதென்று சபையில் யாருக்கும் தெரியாது. அந்தத் தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. என் முத்தான எழுத்தைக் கேட்டும் இப்போது யாரும் வருவதில்லை. பஸ் நிறுத்தம் இருந்த இடத்தில் போன் கவர் விற்கிற கடை. அங்கே வந்ததும் காடியை மெதுவாக்கினேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். வெயில் நல்ல வெயில். குடையும் தேத்தண்ணியுமாக அங்கே யாரும் நிற்கவில்லை.