வரிசையில் கடைசி சைக்கிள்

காட்டுக்குள் சைக்கிள் விடுகிறவர்களுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுக்கிற வேலையில் சமைப்பது சின்ன வேலை. போனவர்கள் திரும்பி வரும்வரை பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் பெரிய வேலை. பிள்ளையைத் தூரதேசத்துக்கு அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

என் இளையவன் யூசுப் ஆப்பிரிக்காவில், போட்ஸ்வானாவில், ஒரு புல்வெளிக் காட்டில் வேலை பார்க்கிறான். அங்கே விருந்தாளிகள் ஜீப்பில் போவதில்லை. சைக்கிளிலேயே போய் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் பார்க்கிறார்கள். முன்னால் துப்பாக்கியோடு தபோ என்கிற பெரிய வழிகாட்டி போவார். வரிசையின் கடைசி சைக்கிள் என் மகனுடையது. அவனோடு மூன்று மாதம் இருந்தேன். சும்மா உட்காரப் பிடிக்காமல் கூடாரத்துச் சமையலறையில் புகுந்துகொண்டேன். மகனைப் பார்க்கப் போனேன் என்பது ஊருக்குச் சொன்னது. "உம்மா, தம்பியைக் கையோடு கூட்டிக்கிட்டு வந்துடுங்க" என்று மூத்தவள் சுபைதா ரங்கூன் விமான நிலையத்தில் சொன்னாள். நானும் தலையாட்டிவிட்டுத்தான் ஏறினேன்.

பாலசாங் பொட்டலம்

மகனுக்குப் பிடிக்குமே என்று ரங்கூன் பசுந்தாங் பேட்டை வீட்டிலிருந்து ஒரு பெரிய பாட்டில் பாலசாங் கொண்டுபோயிருந்தேன். காய்ந்த இறாலும் பூண்டும் மிளகாயும் போட்டுப் பொரித்தது. மூடியைத் திறந்தால் நம் தெரு முழுக்க மணக்கும். ஒருநாள் காலை, பாவம் விருந்தாளிகளும் ருசி பார்க்கட்டும் என்று, சோற்றை உருட்டி நடுவில் பாலசாங் வைத்து ஆளுக்கு இரண்டாகப் பொட்டலம் கட்டிவிட்டேன்.

பாதி வழியில் ஒரு கழுதைப்புலி பின்னால் வர ஆரம்பித்ததாம். நின்றால் அதுவும் நிற்கிறது, மிதித்தால் அதுவும் நடக்கிறது. கடைசியில் தபோ எல்லாப் பொட்டலத்தையும் வாங்கி ஒரே பையில் இறுகக் கட்டித் தன் முதுகில் போட்டுக்கொண்டு, எல்லாரையும் பசியோடு கூடாரத்துக்குத் திருப்பிக் கூட்டிவந்தார். நான் வெட்கத்தில் தலைகுனிந்து நின்றேன். அவர் பையை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னதை யூசுப் தமிழில் சொன்னான்: "ம்மா, இந்த வேலைக்கு வந்த நாளா மிருகத்தைத் தேடித்தான் நான் போயிருக்கேன், மிருகம் என்னைத் தேடி வந்தது இன்னைக்குத்தான்."

எட்டுத் தடவை

விருந்தாளி யாராவது வராமல் போனால் அந்தச் சைக்கிளில் என்னையும் கூட்டிப்போவார் தபோ. கலியாணத்துக்கு முன்னால் ரங்கூனுக்கு அக்கரைத் தன்லியினில் தையல் ஃபாக்டரிக்கு லுங்கி கட்டிக்கொண்டே சைக்கிளில் போனவள் நான், மிதிப்பது மறக்கவில்லை. முதல் தடவை போனபோது, ஒரு மரத்தடியில் இளைப்பாறும் நேரம் நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு நேரம் வந்துவிட்டது. தொழ வேண்டும் என்றேன். தபோ மறுக்கவில்லை. எனக்கு முதுகைக் காட்டி, துப்பாக்கியோடு நின்றுகொண்டார்.

நிற்கும்வரை பிரச்சினை இல்லை. ஸுஜூதுக்குப் போய் நெற்றியைத் தரையில் வைத்ததும் அவர் பூட்ஸ் கால்கள் மண்ணில் இப்படியும் அப்படியும் திரும்புவது காதில் விழுந்தது. காட்டில் நிமிர்ந்து நிற்கிற ஆளைக் கண்டால் சிங்கம் விலகுமாம். குனிந்து சின்னதாகத் தெரிந்தால் அதற்கு வேறு யோசனை வருமாம். இது எனக்குப் பிறகுதான் தெரியும். ரக்அத்துக்கு இரண்டு ஸுஜூதாக நான்கு ரக்அத்தும் நிதானமாகத் தொழுது, துஆவும் கேட்டு முடித்தேன். எல்லாப் பிள்ளைகளுக்காகவும் கேட்டேன், அவருக்காகவும் கேட்டேன். பாயைச் சுருட்டும்போது வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எட்டுத் தடவை தரையோட தரையா குனிஞ்சீங்க ம்மா. கடவுளை நீங்க ஒரு தடவை கூப்பிட்டா, நான் ரெண்டு தடவை கூப்பிட்டேன்."

டீக்கடைச் சத்தம்

 இது ஊர் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது நடந்தது. முன்னால் தபோ, அவர் பின்னால் நான்கு விருந்தாளிகள், பிறகு நான், கடைசியில் யூசுப். திரும்பிப் பார்த்தால் அவன் சைக்கிள் என் பின்னால் இல்லை. இருபது முப்பது அடி பின்னால், சைக்கிள் சங்கிலி கழன்று, குத்துக்காலிட்டு அதை மாட்டிக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் புதருக்குள்ளிருந்து ஒரு தாய் யானை, காலடியில் குட்டியோடு, சத்தமே இல்லாமல் வெளியே வந்தது.

காட்டில் கத்தக் கூடாது என்பது முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம்.  உதடு தானாகக் குவிந்து, நம் ரங்கூன் டீக்கடையில் ஆளைக் கூப்பிட முத்தம் கொடுக்கிற மாதிரி ஒரு சத்தம் போடுவோமே, அது வந்தது. விருந்தாளிகள் ஏதோ குருவி என்று மரத்தைப் பார்த்தார்கள். ஆனால் ரங்கூன் கியாக்டடா பேட்டையில் தாய்மாமன் டீக்கடையில் நான்கு வருஷம் மேசைக்கு மேசை ஓடியவன் என் மகன். யோசிக்கும் முன்னே அவன் தலை என் பக்கம் திரும்பிவிட்டது. கண்ணால் காட்டினேன். சைக்கிளை அப்படியே விட்டுவிட்டு, எழுந்து, யானையைப் பார்த்தபடியே ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கி என் பக்கம் வந்தான். யானை சைக்கிளை மோந்து பார்த்தது. சக்கரத்தை ஒரு மிதி மிதித்தது. குட்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

அன்று சாயங்காலம் தபோ சமையலறைக்கு வந்தார். உதட்டைக் குவித்து நாலைந்து தடவை காற்றை மட்டும் விட்டுவிட்டு, கடைசியில் கேட்டார்: "ம்மா, அந்தக் குருவிச் சத்தத்தை எங்க எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்துட்டுத்தான் நீங்க ஊருக்குப் போகணும்."

வழி விடுவது

மறுநாள் யூசுப் வளைந்த சக்கரத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தான். மூன்று மாதமாக வாய்க்குள் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "போதும் ராஜா. வீட்டுக்கு வந்துடு."

 அவன் சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்தான். எனக்கு எங்கள் வீட்டுப் பால்கனி ஞாபகம் வந்தது. வயசுப் பையன்களைக் கட்டாயமாகப் பட்டாளத்துக்கு எடுக்கிறார்கள் என்ற பேச்சு வந்த நாளிலிருந்து, அவன் முட்டை வாங்கக் கீழே இறங்கினால்கூட, திரும்பி வரும்வரை தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு அந்தக் கம்பியைப் பிடித்தபடி நிற்பேன். நானேதான் வளையலைக் கழற்றிக் கொடுத்து இவனை விமானம் ஏற்றினேன். அதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் மூன்று பெருநாள் கழிந்தால் எல்லாம் மறந்துபோகும் போலிருக்கிறது.

அவன் தலை நிமிராமலே சொன்னான்: "யானைக்கு வழி விட்டா அது போயிடுது, உம்மா. ரங்கூன்ல நான் எதுக்கு வழி விட்டுத் தப்பிக்கிறது?"

ஒரு ஆள் மட்டும்

ரங்கூனில் இறங்கியபோது சுபைதா என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். யானைக் கதை, சக்கரக் கதை, யூசுப் சொன்ன பதில் எல்லாம் வண்டியில் வரும்போது சொன்னேன். தன் மகனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு வந்தாள். அவனுக்குப் பதினாறு வயசு. மடியில் உட்காரும் பிள்ளை இல்லை. இருந்தும் உட்கார்ந்திருந்தான். வீடு வரும்போது சொன்னாள்: "உம்மா, இவனுக்கும் நல்லா சைக்கிள் விடத் தெரியும்னு தம்பிகிட்ட சொல்லி வைங்க."

மகனைக் கூட்டிவரப் போய், அந்தக் காட்டுக்கு நம் டீக்கடைச் சத்தத்தையும் ஒரு கழுதைப்புலிக்குப் பாலசாங் ஆசையையும் கொடுத்துவிட்டு, பேரனுடைய சைக்கிளுக்கும் காற்றடிக்கத் தொடங்கியிருப்பதுதான் நான் மூன்று மாதம் பார்த்த உத்தியோகத்தின் பலன்.