அபேலியா வரிசைக்கு அந்தப் பக்கம்

அபேலியா என்று ஒரு செடி இருக்கிறது. இடுப்புக்கு மேல் வளராத ஜாதி. இலை சின்னதாக, எண்ணெய் தடவினது போலப் பளபளக்கும். பூ வெள்ளையில் லேசாக ரோஸ் கலந்து, குட்டிக் குட்டி மணிகளாகத் தொங்கும். பூ உதிர்ந்த பிறகும் அதன் காம்பு நுனியில் இருக்கும் சிவப்பு இதழ்கள் உதிராமல் நிற்கும். அதனால் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது எப்போதும் பூத்திருப்பது மாதிரியே தெரியும். நல்ல செடி என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். நல்ல செடிதான். அதை வைத்துத்தான் எங்கள் வழியை அடைத்தார்கள். வளர்த்தவர் என் மாமா. தண்ணீர் ஊற்றியவர்கள் நாங்கள்.

பழவேற்காடு ஏரியில் படகும் வலையும் வைத்திருப்பவர்களுக்குப் பாடு உண்டு. இன்றைக்கு இந்த இடத்தில் இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று முறை வைத்துப் பிடிப்பார்கள். எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பாடும் கிடையாது, படகும் கிடையாது. கைதான். தண்ணீர் வற்றும் நேரமாகப் பார்த்து இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலையில் பின்னிய பறி. இரண்டு கையும் சேற்றுக்குள் கிடப்பதால் பறியை வாயில்தான் கவ்விக்கொள்ள வேண்டும். என் அம்மா பாதி நாள் வாயைத் திறக்காமல் தண்ணீரில் கிடந்துவிட்டு வருவாள். கரையேறியதும் பேசாமல் விட்ட அத்தனையையும் சேர்த்துப் பேசுவாள்.

வீட்டிலிருந்து ஏரிக்கு நேராக ஒரு ஒற்றையடிப் பாதை. அது யாருடைய பாதை என்று யாரும் கேட்டதில்லை. அது போகிற நிலத்தைச் சென்னைக்காரர் ஒருவர் வாங்கிப் பங்களா கட்டினார். அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. சார் என்போம். முதலில் அவர் முள் வெட்டிப் போட்டு வழியை அடைத்தார். மத்தியானத்துக்குள் பெண்கள் அதை இழுத்துப் போட்டார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அத்தை அவர் வீட்டு வாசலிலேயே போய் நின்று கேட்டாள்.

"இன்னா சார், ஏரி இன்னா உன் வூட்டு பாத்ரூமா? கதவு போட்டுத் தாப்பா போட்டுக்குவியா?"

அடுத்து அவர் கம்பி வேலி போட்டார். அந்தக் கம்பி கொஞ்ச நாளில் எங்கள் குப்பத்தில் துணி காயப்போடும் கொடியாக மாறியது. எங்கள் வீட்டுக்கும் ஒரு துண்டு வந்தது.

அதற்கு அப்புறம்தான் சார் தோட்டம் போடப்போவதாகச் சொல்லி ஆள் தேடினார். ஒரே ஒரு கண்டிஷன். அந்தக் குப்பத்து ஆள் மட்டும் வேண்டாம்.

மாமா என் அம்மாவின் தம்பி. பெற்றவள் சீக்கிரமே போய்விட்டதால் அம்மா இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. படகு எஞ்சின் பெல்ட்டில் சிக்கி வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. கயிறு இழுக்க முடியாது, சேற்றில் இறால் தடவவும் முடியாது. வேலையில்லாமல் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். கல்யாணமும் ஆகவில்லை. நைனா என்று நான் கூப்பிடும் அப்பா அவரைக் குத்திக்கொண்டே இருப்பார். "மச்சானுக்கு வெரல்தான் போச்சு. சோறு திங்கிற வாய் நல்லாத்தான் கீது." அம்மா அப்போதெல்லாம் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவுவாள்.

மாமா ஒரு மேஸ்திரியைப் பிடித்து, வேறு ஊர், திருப்பாலைவனத்து ஆள் என்று பொய் சொல்லி அந்த வேலையில் சேர்ந்தார். சார் நம்பி, பங்களாவிலேயே தங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். குப்பமே வயிறு வலிக்கச் சிரித்தது. வேலியைப் பிடுங்கினவளின் தம்பியையே சம்பளம் கொடுத்துக் காவலுக்கு வைத்திருக்கிறார் பார் என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். சார் இருக்கும்போது மாமாவோடு பேசக் கூடாது. சார் சனிக்கிழமை மட்டும்தான் வருவார். மற்ற நாளில் நான் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் இருப்பேன். அப்போது எனக்கு இரண்டாம் வகுப்பு.

பெங்களூரிலிருந்து குட்டி யானை வண்டியில் செடிகள் வந்தன. கறுப்பு கவருக்குள் சாண் உயரத்தில் அபேலியா. மாமா வலை நூலை நேராக இழுத்துக் கட்டி, நூல் ஓரமாகக் குழி எடுத்தார். உப்பு மண்ணை வாரி வெளியே கொட்டிவிட்டு, டிராக்டரில் வந்த செம்மண்ணையும் மாட்டுச் சாணத்தையும் கலந்து போட்டார். வேரில் தண்ணீர் தேங்கினால் செடி அழுகிவிடும் என்று குழிக்கு அடியில் உடைத்த செங்கல் போட்டார். உச்சி வெயிலுக்கு ஓலை சாய்த்து வைப்பார். துளிர் நீளமாகக் கிளம்பினால் நுனியைக் கிள்ளிவிடுவார். "கிள்ளக் கிள்ளத்தான் இது புதராவும். வுட்டா ஒட்டடக் குச்சி கணக்கா நிக்கும்" என்பார். மீதி இருந்த மூன்று விரலால் அவர் கிள்ளுகிற அழகை நான் பக்கத்தில் குந்திப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அந்த வரிசை எங்கள் பாதைக்குக் குறுக்கே போனது. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றி எரிகிறது. வேலி என்றால் எங்கள் ஆட்களுக்கு முள். இல்லாவிட்டால் கம்பி. பூ பூக்கிற ஒன்று வேலியாக இருக்கும் என்று ஒரு தலைக்குக் கூடத் தோன்றவில்லை. முள்ளை வெறுங்கையால் பிடுங்கிய அதே பெண்கள், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செடி மிதிபடாமல் பார்த்துப் பார்த்துத் தாண்டினார்கள்.

அதோடும் விடவில்லை. கோடையில் பங்களா போர் தண்ணீர் உப்பாகி, இலை ஓரமெல்லாம் கருகிப்போனது. மாமா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். செடி செத்தால் வேலை போய்விடும். அம்மா உடனே குப்பத்துக் குழாயில் வருகிற நல்ல தண்ணீரில் ஒரு குடத்தை அங்கே கொண்டுபோய் ஊற்றினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஏரிக்குப் போகிற போக்கில் ஆளுக்கு ஒரு சொம்பு ஊற்றினார்கள். குடிக்கிற தண்ணீருக்குக் குழாயடியில் மயிரைப் பிடித்துச் சண்டை போடுகிறவர்கள் அவர்கள். அத்தை ஒரு படி மேலே போய், உரம் என்று இறால் தலையை அள்ளி வந்து செடியடியில் புதைத்துவிட்டாள். நாய்கள் வந்து பாதி வரிசையைப் பறித்துப் போட்டன.

"யக்கா, இது இறாத் தலை துன்ற செடி இல்லக்கா. அதுல கீற உப்புக்கே செத்துடும்" என்று மாமா கெஞ்சினார்.

"அப்ப சைவம்னு சொல்லு. தெனம் சாம்பார் ஊத்தட்டா?" என்றாள் அத்தை.

செடிகள் பிழைத்தன. முழங்கால் உயரம் வந்தன, இடுப்பு உயரம் வந்தன, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. பட்டாம்பூச்சி மொய்த்தது. தாண்ட முடியாத உயரம் வந்ததும், பாதை வருகிற இடத்தில் மட்டும் மாமா ஒரு செடியைப் பிடுங்கி இடைவெளி விட்டார். அது அவருடைய தந்திரம். சனிக்கிழமை தோறும் சார் அந்த ஓட்டையைக் காட்டிக் கேட்பார். மாமா தலையைச் சொறிந்துகொண்டு, "அந்த எடத்துல மட்டும் புடிக்க மாட்டுது சார். வெச்சி வெச்சிப் பாக்கறேன். பூமி சரியில்ல" என்பார். பெண்கள் அந்த ஓட்டை வழியாக ஏரிக்குப் போய் வந்தார்கள். மாமாவைப் போல மூளைக்காரர் உலகத்தில் இல்லை என்று நான் நினைத்தேன்.

ஒரு புதன்கிழமை. பள்ளிக்கூடம் விடுமுறை. நானும் மாமாவும் உதிர்ந்த இலையைக் கூட்டிக்கொண்டிருந்தோம். சொல்லாமல் கொள்ளாமல் கார் வந்து நின்றது. பின்னாலேயே ஒரு வண்டி. அதில் பெரிய தொட்டியில், முழங்கால் உயரத்துக்கு அடர்ந்து வளர்ந்த ஒரு அபேலியா. எனக்கு ஓடி ஒளிய நேரமில்லை. சார் இறங்கி நேராக ஓட்டைக்குப் போனார்.

"சின்னச் செடிதானே பிடிக்கலை? இதை வை. என் கண் முன்னாடி வை."

மாமா வைத்தார். நானும் மண் தள்ளினேன். கை, முகம், கவுன் எல்லாம் செம்மண். தண்ணீர் ஊற்றி மிதித்துவிட்டு நிமிர்ந்தபோது ஏரியிலிருந்து பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் அம்மா. கழுத்து வரை சேறு. பறி நிறைய இறால். இறால் வாங்குகிற ஐஸ் வண்டிக்காரன் கிளம்புவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்கிற ஓட்டம். வழியில் புதிதாகச் செடி நிற்பதைப் பார்த்தாள். நடையை நிறுத்தாமல் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கி அதன் மேலாகக் கால் வைத்தாள். ஒரு கிளை முறிந்தது.

"ஏய்! யாரு நீ?" சார் கத்தினார். "இது வழியில்லைனு எத்தனை தடவை சொல்றது?"

அம்மா இந்தப் பக்கம் வந்து நின்றாள். "காலையில போறப்போ வழிதான சார்."

சார் அவளை விட்டுவிட்டு மாமா பக்கம் திரும்பினார். "இவங்க தினம் இப்படித்தான் போறாங்களா? நீ பாத்துட்டு நிக்கறியா? உனக்குத் தெரிஞ்சவங்களா?"

மாமா முறிந்த கிளையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தெரியாது சார்."

மாமா விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

"அந்தக் குப்பத்துப் பொம்பள போலகீது சார்" என்றார் மறுபடியும்.

சார் என்னைப் பார்த்தார். "இது யாரு?"

"என் பொண்ணு சார். இஸ்கூல் லீவு."

நான் அம்மாவிடம் ஓடினேன். வேறு என்ன செய்வேன். ஈரச் சேலையைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றேன். சார் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா குனிந்து என் விரல்களை ஒவ்வொன்றாகச் சேலையிலிருந்து பிரித்தாள். ஊரான் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி சிரித்தாள்.

"யாரு பாப்பா நீ? கையெல்லாம் சேறாவுது பாரு. போ, உங்க நைனாகிட்ட போ."

நான் அத்தையைப் பார்த்தேன். அந்த அத்தைக்கு எமனே வந்தாலும் வாய் மூடாது. அவள் இடுப்பில் இருந்த பறியை எடுத்து வாயில் கவ்விக்கொண்டாள். கரையில் நின்றுகொண்டு, இறால் பிடிக்காமல், பறியைக் கவ்விக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தியாவது உண்மையைச் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். ஒருத்தியும் சொல்லவில்லை.

"அனுப்பு" என்றார் சார்.

மாமா சொன்னார். "போம்மா. தாண்டாத. வந்த வழியே போய்ச் சுத்திப் போ."

அவரைத் தூக்கி வளர்த்தவளை 'போம்மா' என்றார். தாண்டி வந்துவிட்ட அம்மா, திரும்பவும் அந்தச் செடிக்கு அந்தப் பக்கம் போனாள். இந்த முறை கிளை முறியாமல் மெதுவாகப் போனாள். எல்லாரும் முள்காட்டைச் சுற்றி நடந்தார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஐஸ் வண்டி போய்விட்டிருந்தது. பறியில் இருந்த இறால் வெயிலில் சிவந்து, விலைக்கு ஆகாமல் போனது.

மறுநாளே செடியைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தியும் தொடவில்லை. அன்றிலிருந்து எங்கள் வழி முள்காட்டைச் சுற்றித்தான். இப்போதும் அப்படித்தான். அடுத்த கோடையில் போர் தண்ணீர் மறுபடி உப்பானபோது, சார் இல்லாத நாளாகப் பார்த்து, அம்மா ஒரு குடம் நல்ல தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய் அந்தச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு வந்தாள். இதை என் கண்ணால் பார்த்திராவிட்டால் நானே நம்ப மாட்டேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் புதன்கிழமை சாயங்காலத்தை.

சார் கிளம்பின பிறகுதான் மாமா என்னை விட்டார். வருகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். மாமா பொய் சொல்லுவார், அது ஊருக்கே தெரியும். அம்மா பொய் சொல்ல மாட்டாள். அப்படியென்றால் அம்மாவுக்கு நிஜமாகவே என்னைத் தெரியவில்லை. முகமெல்லாம் செம்மண் அப்பியிருந்தது அல்லவா, அதனால்தான். வீட்டுக்கு வந்ததும் குடிக்க வைத்திருந்த குடத்தைச் சாய்த்து முகம் கழுவினேன். கன்னம் எரிகிற வரைக்கும் தேய்த்தேன். தலையை வாரிக்கொண்டேன். அம்மா விற்காத இறாலை உரித்துக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். அடுப்புக்கு எதிரே, வெளிச்சம் முகத்தில் படுகிற மாதிரி போய் நின்றேன்.

"இன்னாடி அப்படிப் பாக்கற?" என்றாள்.

"இப்போ தெரியுதாம்மா, நான் யாருன்னு?"

அறைந்தாள். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அறைந்தாள். அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை. அவள் தன் கையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையாலேயே தூக்குச்சட்டியை எடுத்து மாமாவுக்குக் குழம்பு ஊற்றினாள். பெரிய இறாலாகப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியாது என்று சொன்னவருக்கு இறால், தெரிகிறதா என்று கேட்ட எனக்கு அறை. இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு விளங்கவே இல்லை.