ஹெட்போனுக்குள் ஒரு கும்மி

குவைத்திலிருந்து அம்மா அனுப்பிய கீபோர்டில் சத்தமே வராது என்பது, வீட்டு வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் வைத்துப் பெட்டியைப் பிரித்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவள் வேலை பார்த்த வீட்டுப் பிள்ளைகள் வேண்டாமென்று ஒதுக்கியதைக் கேட்டு வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். எந்தக் கட்டையை அமுக்கினாலும் டக், டக். அவ்வளவுதான். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுச் சனமே கூடி நின்று பார்த்தது. அப்பா அதைத் தலைகீழாகத் திருப்பி, பேட்டரி போடும் இடத்தைத் தேடினார்.

பண்டாரவளையில் போன் திருத்தும் கடையில் வேலை பார்த்த மாமாதான் விஷயத்தைச் சொன்னார். இதற்குள் சத்தம் கிடையாதாம். சத்தமெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறதாம். இது அதற்குக் கட்டளை மட்டும் போடுமாம். சொந்தமாக ஒரு சத்தம்கூட இல்லாததற்கு இத்தனை கட்டை எதற்கு என்று எனக்கு எரிச்சல். பள்ளிக்கூடத்துக் கீபோர்டு பல் போன கிழம்தான், ஆனாலும் அமுக்கினால் பாடும்.

அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் ஓய்வு. அன்றுதான் எங்களுக்குப் போன் எடுத்துப் பேசுவாள். அடுத்த முறை எடுக்கும்போது நான் வாசிப்பதைக் கேட்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். மாரியம்மன் திருவிழாவில் கும்மிப் பாட்டை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். அவள் போன பிறகு வந்த திருவிழாவில் வேறு யாரோ பாடினார்கள். அந்த மெட்டை அவளுக்காகவே பள்ளிக்கூடத்தில் பழகி வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மாமா ஒரு பழைய லெப்டொப்பை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். பிடித்தது சனியன். வயரைச் செருகினால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை. கழற்றி, செருகி, அணைத்து, மறுபடி போட்டதும் கண்டுகொண்டது. திரையில் விளக்கு மின்னியது, சத்தம் இல்லை. எந்த வாத்தியம் என்று நாம்தான் சொல்ல வேண்டுமாம். சொன்னோம். சத்தம் வந்தது, ஆனால் நான் அமுக்கிக் கையை எடுத்து, அடுத்த கட்டையைத் தேடும்போது ஆடி அசைந்து வந்தது. ஒவ்வொன்றுக்கும் மாமாவிடம் ஒரே பதில்தான்.

"இந்தா வந்துரும், கொஞ்சம் பொறும்மா."

மத்தியானச் சோறு ஆறிக் கிடந்தது. அம்மா எடுக்கும் நேரத்துக்குச் சற்று முன்புதான் எல்லாம் ஒருவழியாகச் சரியானது. லெப்டொப்பின் ஸ்பீக்கர் செத்துப் போயிருந்ததால் மாமா தன் ஹெட்போனை மாட்டி, என் ஒரு காதில் வைத்தார். அப்பாடா, பள்ளிக்கூடத்துக் கீபோர்டு இதன் காலைக் கழுவ வேண்டும். ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று மாமா பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானையும் அமுக்கிவிட்டார்.

அம்மா எடுத்தாள். அப்பா போனைச் சத்தமாகப் போட்டு என் பக்கத்தில் வைத்தார். நான் ஒரு பிழையும் விடாமல் வாசித்து முடித்தேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. அப்பா போனைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மாவின் குரல் வந்தது.

"நம்ம கும்மிதானே? இன்னொருக்கா வாசிம்மா."

இரண்டாம் முறை அவளும் கூடவே பாடினாள். தாளம் தப்பவில்லை. சுருதிதான் எங்கேயோ போனது. என் காதில் ஒன்று, போனில் வேறொன்று. ஊருக்கே எடுத்துக் கொடுத்தவளுக்கு இதுகூடவா பிடிபடவில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன்.

பேசி முடித்ததும் மாமா பதிவைப் போட்டு, ஹெட்போனை ஆளுக்கொரு காதாகக் கொடுத்தார். கீபோர்டுக்குப் பதிலாக லெப்டொப்பின் மைக்கைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார் மகராசன். என் இசையில் ஒரு துளிகூட அதில் இல்லை. டக், டக், டக் என்று கட்டை தட்டும் சத்தம், அதன்மேல் அம்மாவின் பாட்டு. ஒரு நாள் முழுக்கப் பட்ட பாடு இதற்குத்தானா என்று அழுதேன். அதை அழிக்கச் சொன்னேன். அப்பா மட்டும் அது இருக்கட்டும் என்று சொல்லி, மறுபடி போடச் சொல்லிக் கேட்டார்.

குவைத்தில் அம்மாவின் காதுக்குப் போனதும் அந்த டக் டக் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவளிடம், நான் வாசிக்கும்போது இனிப் பாட வேண்டாம், சுருதி சேரவில்லை என்று கறாராகச் சொன்னேன்.

"சரிம்மா," என்றாள். "நீ வாசி, நான் சும்மா கேட்டுக்கிட்டு இருக்கேன்."